நாலு மூலையும் ஷார்ப்

கவிதா, பிரபு, இதைப் போனில் அனுப்பினால் பாதி படிப்பதற்குள் கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத கை இது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்பும் கேமராவும் இப்போது உங்களிடம் இருக்கின்றன. மூணாறுக்கு ஏறுகிற பள்ளிவாசல் ஏற்றத்தில் இனிமேல் கிளட்ச் மிதிக்க மாட்டோம் என்று என் முட்டிகள் இரண்டும் சேர்ந்து ராஜினாமா கொடுத்துவிட்டன. படம் எடுக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் வருகிற இடத்துக்கு வெளிச்சம் வருவதற்கு முன்னால் கொண்டுபோய் இறக்குவதுதான் நம் தொழில். வளைவு எங்கே, வழுக்கல் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். கேமராவில் எதைத் திருகினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது கேமராவைப் பற்றி இல்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற ஆட்களைப் பற்றி.

முக்கியமாக, ஃபுல் பிரேம் வாங்கியவர்களைப் பற்றி. பழைய பிலிம் ரோலில் ஒரு துண்டு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய சென்சார் உள்ளே இருக்கிறது. அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அதை வாங்கின மறுநாளிலிருந்து மனிதர் மாறிவிடுவார். அதுவரை "போட்டோ" என்று சொன்ன வாய் "பிரேம்" என்று சொல்லும். சின்னக் கேமரா வைத்திருக்கிறவரைப் பார்த்தால், பட்டுவேட்டி கட்டினவர் லுங்கி கட்டினவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன், ஒரு வாடிக்கையாளரிடம் பழைய ஃபுல் பிரேம் வாங்கின புதிதில். உங்கள் அம்மா கவனித்துவிட்டு, "கழுத்துல என்ன கவர்னர் மாலையா?" என்று கேட்டதோடு இறங்கி வந்தேன்.

இந்த ஆட்களைப் பார்த்துச் சிரிப்பு வரும். அவர்களுக்கு எதிரில் சிரிக்காதீர்கள். அவர்களாகவே சிரிக்கும் வரைக்கும் பொறுத்திருங்கள்.

பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளி மில்லுக்காரர் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார், ஞாபகம் இருக்கும். அரிசி மில் வைத்திருப்பவர், தங்கமான மனிதர். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டில் அரிசிக்கா பஞ்சம். லென்ஸைக் கழற்றி, உள்ளேயும் நன்றாகக் காயட்டும் என்று, புதுக் கேமராவை மில்லில் இருந்த அரிசி டிரம்முக்குள் வாயைத் திறந்தபடி புதைத்து வைத்துவிட்டார்.

அடுத்த முறை வட்டவடைக்கு வந்தபோது ஜீப்பில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏனுங் மாடசாமியண்ணா, இந்த மலையில எங்க பாத்தாலும் பருந்து சுத்துதுங்க. போன தடவை இத்தனை இல்லீங்களே."

எட்டிப் பார்த்தேன். வானத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். சென்சார் முழுக்கத் தவிடு. நான் தவிடு என்று சொல்லவில்லை. "வீட்டுக்குள்ள எடுத்த படம் ஏதாச்சும் இருக்காங்க? அதுலயும் பருந்து வருதான்னு பாருங்க" என்றேன். அவர் மகள் கேக் வெட்டுகிற படத்தைத் திறந்தார். மெழுகுவர்த்திக்கு மேலே நாலு பருந்து. ஒவ்வொரு பருந்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜீப் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் நம்மை விட்டு வேறு ஜீப்பில் ஏறினதில்லை. நான் முந்திக்கொண்டு சிரித்திருந்தால் ஏறியிருப்பார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

மில்லுக்காரரோடு கல்பாத்தியிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார். மெதுவாகப் பேசுகிற, எறும்பை மிதிக்காத மனிதர். ஆனால் படம் எடுத்த கையோடு திரையில் அதைப் பெரிதாக்கி, கடைவாய்ப் பல்லில் சொத்தை தேடுகிற மாதிரி மூலை மூலையாகப் பார்ப்பார். நடுவில் ஷார்ப்பாக இருந்தால் போதாது, நாலு மூலையும் ஷார்ப்பாக இருக்க வேண்டும். அதற்காகவே லென்ஸ் மாற்றி மாற்றி வாங்கினார். அவருடைய மனைவிக்கு அவர் எத்தனை லென்ஸ் வைத்திருக்கிறார் என்பது தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு நிறம் என்பதால் ஒன்றுதான் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஆசை. மூடுபனி, தேயிலைக் காடு, முதுகில் மூங்கில் கூடையோடு ஒரு பெண். "ஒரிஜினலா இருக்கணும் கேட்டேளா" என்பார்.

ஒரிஜினல் என்ன என்று நமக்குத் தெரியும். பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் சுற்றி, ரப்பர் பூட்ஸ் போட்டு, பெட்டி வைத்த கத்திரியால் சரக் சரக்கென்று கொழுந்து வெட்டிச் சாக்கில் கொட்டுவார்கள். மூங்கில் கூடையை நம் பக்கத்து எஸ்டேட்டில் கடைசியாக யார் தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் படம் எடுக்க வருகிறவர்கள் கூடை கேட்கிறார்களே. அதனால்தான் நம் ஜீப்பில் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, பின்சீட்டுக்கு அடியில் ஒரு கூடை இருக்கும். ஊரிலேயே தேயிலையைப் பார்க்காத கூடை அது. பிரபு சின்ன வயதில் அதில் கோழியை அடைத்து வைத்திருக்கிறான்.

கூடை இருந்தால் போதுமா, தூக்க ஆள் வேண்டும். காட்டில் வேலை செய்கிற பெண்களைக் கேட்டால், "எடை யாரு போடுவா, உங்க டாக்டரா?" என்று கேட்பார்கள். வெட்டின கொழுந்தின் எடைக்குத்தானே அவர்களுக்குக் கூலி. டாக்டரும் மில்லுக்காரரும் வந்திருந்த அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் கேட்டுவிட்டு, கத்திரிச் சத்தத்தோடு மேலே ஏறிப் போய்விட்டார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் தவித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து பேச்சியம்மா நடந்து வந்தாள். அந்த எஸ்டேட்டில் தற்காலிகமாகக் கொழுந்து எடுப்பவள், நாற்பது வயதுக்காரி. எனக்கு முகம் பழக்கம்.

"வேலைக்குப் போகலியா பேச்சி?"

"ஆஸ்பத்திரி லீவுண்ணே."

நான் மில்லுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தேன். ஆஸ்பத்திரி லீவு என்றால் வேலைக்கு டிமிக்கி என்று நமக்குத் தெரியாதா. அவரும் மீசைக்குள் சிரித்தார். கூலி பேசினேன், அவள் சரி என்றாள், நானே கூடைக் கயிற்றை அவள் நெற்றியில் மாட்டிவிட்டேன்.

டாக்டர் ஆரம்பித்தார். "சிரிக்கப்படாது. கொஞ்சம் கஷ்டப்படற மாதிரி நில்லுங்கோ."

"அது எப்பிடின்னு நீங்க ஒருக்கா செஞ்சு காட்டுங்க டாக்டரே" என்றாள் பேச்சி.

அவர் உண்மையிலேயே செய்து காட்டினார். பேச்சி சிரித்துவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து. நடுவில், "தலை சுத்துது, சித்த உக்காருதேன்" என்று இரண்டு தடவை உட்கார்ந்தாள். கூலியைக் கூட்டிக் கேட்பதற்கு இது ஒரு வழி என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் பனி ஒரு நிமிடம் விலகி வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்க, மறு கை செடியில். டாக்டர் எடுத்தார், பெரிதாக்கிப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, அவர்களுடைய பாலக்காட்டுக் கேமராக் கூட்டம் மூணாறில் கண்காட்சி வைத்தது. ஹால் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வாடகை வேண்டாம், மேனேஜர் வந்து திறந்து வைத்தால் போதும் என்று ஏற்பாடு. எஸ்டேட்டில் மேனேஜரைத் தொரை என்றுதான் சொல்வார்கள். இந்தத் தொரை கோட்டயத்துக்காரர், அவரும் புதிதாக ஃபுல் பிரேம் வாங்கியிருந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டுகிற வேலை எனக்கு. டாக்டருடைய படம் நடுச்சுவருக்கு. ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கியிருந்தார்கள். பேச்சியின் இமை மயிரை எண்ணலாம். கீழே ஒரு அட்டை. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம் அதில் இருந்தது. அவள் பெயர் இல்லை. தலைப்பு, "உழைப்பு".

அதை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்குகிறேன், பின்னால் டம்ளர் சத்தம். விருந்தினர்களுக்கு டீ கொடுக்க லயத்து வரிசை வீடுகளிலிருந்து மகளிர் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். குழுவில் பேச்சி. வெள்ளைச் சேலை கட்டி, தலையைப் படியச் சீவி, கையில் தட்டு.

"அண்ணே, அது நானாண்ணே?"

"நீதான். எப்படி வந்திருக்கே பாத்தியா."

வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "கன்னம் என்ன இப்பிடி உப்பிக் கெடக்கு" என்றாள். சந்தோஷம்தான். பிறகு கேட்டாள், "யாரு தொறந்து வைக்காக?"

"உங்க தொரைதான்."

தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அன்னிக்கு நான் ஆஸ்பத்திரி லீவுல இருந்தேன்லண்ணே. அவரு கையாலதான் லீவு போட்டாரு. நெசமாவே சீக்கான்னு ஆபீஸ்ல நிக்கவச்சுக் கேட்டுல்லா போட்டாரு. தேதிய வேற கீழ எழுதி ஒட்டியிருக்கீக."

"பாத்தா என்ன, திட்டுவாரு."

"திட்டுனா வாங்கிக்கிட்டுப் போயிருவேன். அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆக்கப் போறாக. அம்மா ரிட்டையராயிட்டா, வீட்டுச் சாவியக் கேக்காக. எனக்குப் பெர்மனென்ட் ஆனாத்தான் வீடு எம்பேருக்கு வரும். இல்லன்னா அம்மாவையும் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு உங்க ஜீப்புலயா குடியிருக்க?"

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லயத்து வீடு என்றால் என்ன என்று நாம் அனுபவித்தவர்கள்தானே. வேலை போனால் கூரையும் கூடவே போகும்.

முதல் காரியமாக அட்டையைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பேச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அட்டையக் கிழிச்சிட்டீக. மூஞ்சிய என்ன செய்யப் போறீக?"

அதற்குள் டாக்டர் வந்து, "இதோட அட்டை எங்கே? விழுந்துடுத்தா?" என்று பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிற ஆள்.

அவரை ஓரமாகக் கூப்பிட்டு, படத்தை இறக்கிவிடலாம் என்றேன்.

"மாடசாமி, என்ன சொல்றேள்? நடுச்சுவர் மொட்டையா நிக்கும். முன்பல்லைப் பிடுங்கின வாய் மாதிரி இருக்காதோ?"

"அந்தப் பொம்பளைக்கு வேலை போயிரும் டாக்டர்."

"எந்தப் பொம்பளைக்கு?"

பேச்சி அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்து, "டீ அப்புறமா கொண்டு வாங்கோ, இப்போ கொஞ்சம் பேசிண்டிருக்கோம்" என்றார்.

மில்லுக்காரரும் அப்போது வந்து சேர்ந்திருந்தார். அவர்தான் சொன்னார், "டாக்டர், இவங்கதானுங்க அது."

டாக்டர் படத்தைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். மறுபடி படத்தை. அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் எத்தனை நாள் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சரி செய்திருப்பார். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. "மன்னிக்கணும்மா" என்றார், "வெள்ளைப் புடவையில சட்டுனு மனசிலாகலை."

"அதுனால என்ன டாக்டரே, அன்னிக்குக் கூடையில இருந்தேன், இன்னிக்குத் தட்டுல இருக்கேன்" என்றாள் அவள்.

வெளியே தொரையின் கார் வந்து நிற்கிற சத்தம். மில்லுக்காரர் யோசனைகளாகக் கொட்டினார். மெயினைப் பிடுங்கிவிடலாமுங்க. குத்துவிளக்கை முன்னால் நகர்த்திவிடலாமுங்க. முகத்துக்கு மேலே மாலை போட்டுவிடலாமுங்க. "மாலை போட்டா செத்துப்போனவன்னு நெனச்சு ஊதுபத்தி கேப்பாக" என்றாள் பேச்சி.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் கை தானாக எதையாவது மறைக்கத்தான் போகும். மறைக்காதீர்கள். மறைத்த இடத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நானும் ஒரு நொடி மெயின் சுவிட்சைத் தேடினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டாக்டர் அவளை அடையாளம் தெரியாமல் நின்றதை இப்போதுதானே பார்த்தேன். எடுத்தவருக்கே தெரியவில்லை. புதிதாக ஃபுல் பிரேம் வாங்கின தொரைக்குத் தெரியுமா? அவர் கண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டால் போதும்.

"டாக்டர், தொரை வந்ததும் இந்தப் படத்துல ஒரு மூலை ஷார்ப் இல்லாம சாஃப்டா இருக்குன்னு நீங்களே சொல்லணும்."

"எந்த மூலை?"

"ஏதாவது ஒரு மூலை."

"சாஃப்டா? நாலு மூலையும் ஷார்ப்பாக்கும் மாடசாமி. இதுக்காக்கும் நான் அந்த லென்ஸையே வாங்கினேன். எல்லார் முன்னாடியும் நானே என் லென்ஸைக் குத்தம் சொல்லணுமா?"

பேச்சி குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு டீ ஊற்றப் போய்விட்டாள். முப்பது பேருக்கு டீ கொடுக்க வேண்டும், அவளால் போகவும் முடியாது. டாக்டர் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்தால், மயக்க ஊசி இல்லாமல் அவர் பல்லையே யாரோ பிடுங்குகிற மாதிரி இருந்தது.

தொரை வந்தார். விளக்கு ஏற்றினார். நேராக நடுச்சுவருக்கு வந்தார். ஒரு படி பின்னால் தள்ளி நின்று முழுப் படத்தையும் பார்க்கத் தொடங்கினார். முகத்துக்கு நேர் எதிரே.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த இடது கீழ் மூலை கொஞ்சம் சாஃப்டோன்னு எனக்கொரு சம்சயம்."

அவ்வளவுதான். தொரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, மூக்கு சட்டத்தில் உரசுகிற தூரத்துக்குப் போய்விட்டார். "இது ஏது லென்ஸ்?" டாக்டர் சொன்னார். "எத்தனைல எடுத்தீங்க?" சொன்னார். "ஆ, பின்னே சாஃப்ட் ஆகாம இருக்குமா? இங்க பாரு, இந்த இலை." விரலை வைத்துக் காட்டினார். அந்த இலையில் ஓடுகிற நரம்பு எனக்குத் தெரிகிறது, ஏணி பக்கத்தில் நிற்கிற எனக்கு. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாம் சார், சாஃப்ட்தான்" என்றார். கூட்டத்தில் ஃபுல் பிரேம்காரர்கள் அத்தனை பேரும் நெருங்கி வந்துவிட்டார்கள். ஒருவர் வலது கீழ் மூலை என்றார். ஒருவர் மேல் மூலை என்றார். ஒருவர், இதே லென்ஸ் தன்னிடம் இருக்கிறது, இதைவிட மோசம் என்றார். நாலு மூலையிலும் நாலு விரல்.

அதன் நடுவே பேச்சி தட்டோடு வந்தாள். வராமல் இருந்திருக்கலாம். தொரைக்கு டீ கொடுக்கவில்லையே என்று குழுத்தலைவி தள்ளிவிட்டிருக்கிறாள். தொரைக்கும் படத்துக்கும் நடுவில் கையை நீட்டினாள். அவர் மூலையிலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு, "சர்க்கரை கம்மிதானே?" என்றார்.

"கம்மிதாங்க" என்றாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். இப்போதுதான் முழுப் படத்தையும் ஒருமுறை பார்த்தார். "பட்சே படம் கொள்ளாம், நல்லாருக்கு. நல்ல மாடல். எவிடுந்து பிடிச்சீங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, வலிக்காது என்கிற ஒன்றைத் தவிர. மில்லுக்காரர் முந்திக்கொண்டார். "போடியில இருந்து கூட்டியாந்ததுங்க. அங்க நாடகத்துல நடிக்கிற புள்ளைங்க."

"அதானே பார்த்தேன்" என்றார் தொரை. "நம்ம எஸ்டேட் பெண்ணுங்களுக்கு இப்படி ஒரு முகம் கிடையாது."

காலி டம்ளரை அவள் தட்டில் வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

டம்ளர் கழுவுகிற இடத்துக்கு அவள் பின்னாலேயே போனேன். பேச்சி குழாயடியில் சிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்த மறந்து சிரித்தாள். "நாடகக்காரியாம்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்லதாப் போச்சுண்ணே. புள்ளைகளுக்கு வீடு கெடச்சிரும். ஆனா தெனமும் பெரட்டுல அவரு முன்னாடிதான பேரு கூப்புடுதாக. ஒருக்கா பாத்திருக்கலாம்ல."

பெரட்டு என்றால் காலையில் எஸ்டேட்டில் ஆளெடுக்கிற இடம். வரிசையாக நின்று பெயருக்கு எதிர்க்குரல் கொடுக்க வேண்டும். அந்த வருஷ மழைக்கு முன்னால் அவளைப் பெர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள், வீடும் அவள் பெயருக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

டாக்டர் மட்டும் அன்று திரும்பிப் போகும்போது காரில் ஏறாமல் நின்று, "மாடசாமி, உள்ளபடி சொல்லுங்கோ, அந்த மூலை ஷார்ப்தானே?" என்று கேட்டார். "கத்தி மாதிரி இருக்கு டாக்டர்" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் காரில் ஏறினார். என் வாடிக்கையாளர்களிலேயே பெரிய காரியம் செய்தவர் அவர்தான். தன் லென்ஸை ஊர் முன்னால் பழித்துப் பேச ஒரு மனசு வேண்டும். பிரபு, அவர் போன் செய்தால் எடு. மூலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் கேள்.

இந்தக் கதையை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள். எல்லோரையும் ஏமாற்றிய கெட்டிக்காரனாக என்னை வைத்துத்தான் சொல்வேன். படம் எடுக்கிறவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன், அதுதான் என் தொழில் என்று முடிப்பேன். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, படங்களை இறக்கிக் கட்ட நான் ஒருவன்தான் போனேன். ஹாலில் வேறு யாரும் இல்லை. சன்னல் வெளிச்சம் நடுச்சுவரில் சாய்வாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் சட்டத்தின் கண்ணாடி முழுக்க விரல் தடம் தெரிந்தது. நாலு மூலையிலும் ஒன்றின் மேல் ஒன்றாக, டீக்கறையோடு, எண்ணெயோடு. நடுவில், அவள் நிற்கிற இடத்தில், ஒரு தடமும் இல்லை. கழுவி வைத்த மாதிரி இருந்தது.

துணியை எடுத்து மூலைகளைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே வந்தவன் கயிற்றைப் பிடித்திருக்கிற அவள் கையிடம் நின்றேன். ஸ்வெட்டர் கை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. புறங்கையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பஞ்சு வைத்து ஒட்டின பிளாஸ்திரி. நடுவில் உளுந்தளவு ரத்தம், பழுப்பாக. சுற்றிலும் தோல் வீங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றின ஊசியைக் கழற்றிவிட்டு ஒட்டுவார்களே, அது. அந்தக் கை பிடித்திருக்கிற கயிற்றை, கண்ணடித்த கையோடு, நான்தான் மாட்டிவிட்டேன்.

பிளாஸ்திரியின் மேல் ஒரு விரலை வைத்தேன். எடுத்தபோது கண்ணாடியில் என் ரேகை விழுந்திருந்தது. கையில் துணி இருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. அப்படியே சாக்கில் சுற்றிக் கட்டினேன்.